வெளியே போகாத விரிப்புகள்

திருட்டு என்ற சொல்லை முதலாளி வாய்விட்டுச் சொல்லவே இல்லை. அந்த மட்டுக்கும் அவர் கெட்டிக்காரர்தான். "ஆஸ்பத்திரியிலேர்ந்து பெட்ஷீட் உள்ள வந்ததுக்குப் பதிவு இருக்கு. வெளிய போனதுக்குப் பதிவு இல்ல. அலமாரியிலயும் இல்ல. உன் கையைத் தாண்டித்தானேம்மா எல்லாம் போகுது? றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?" என்றுதான் கேட்டார். தனியறையில் கூப்பிட்டுக் கேட்டிருந்தாலும் போய்த் தொலைகிறது என்று விட்டுவிடலாம். சலவைக்கூடத்தின் நட்ட நடுவில், டிரையர்களின் இரைச்சலுக்கு மேலே தன் குரல் கேட்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திக் கேட்டார். மடிக்கிறவர்கள், பிரிக்கிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள் என்று அத்தனை பேரும் கையில் பிடித்த துணியைப் பிடித்தபடியே நின்று கேட்டார்கள். சனிக்கிழமைக்குள் விரிப்புகளுக்கு வழி தெரியாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுப்பதாகவும், அதுவரை மேற்பார்வை பார்க்கும் அந்தம்மாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அவர் அறைக்குப் போனார்.

அந்தம்மாள் நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் செருப்போடு ஓர் அடி எடுத்து வைத்தால் வீட்டை இரண்டாக்குகிறவள் அவள். தம்பி மனைவிக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் பெரிசு என்று புரிந்துவிட்டது.

இந்தத் தம்பி மனைவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தக் குடும்பத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். கல்யாணமான புதிதில், கல்யாணப் பத்திரிகையில் இருந்த எழுத்துப்பிழையை எடுத்துக்கொண்டுபோய் அதை அச்சடித்த மாமனாரிடமே காட்டினாள். அன்றைக்கு நாத்தனார் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வெளியார் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்ளும் சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. எங்கே தகவல் மாட்டிக்கொண்டது, எது எதை இழுத்துப் பிடிக்கிறது என்று நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டிருப்பாள். பெயருக்கேற்ற பிழைப்பு.

விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தச் சலவைக்கூடம் உங்க கம்பெனி பாத்துக்கற எடம்தானே? ஏதோ செக்பாயிண்ட் டைம் அவுட்னு அவங்க புகார் கொடுத்திருக்காங்கன்னு நேத்துகூட சொன்னியே!"

"ஆமா. நாளைக்கு நான்தான் போறேன்."

"அப்புறம் என்ன? பதிவையெல்லாம் சிஸ்டம் தின்னுடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் கொடு. அக்கா மேல பழி போச்சு, வேலை முடிஞ்சுது."

"அது தின்னாதே."

"எது?"

"டேட்டாபேஸ். டைம் அவுட் ஆனா நிக்கும், திணறும். ஆனா வாங்கி வெச்சதைத் தொலைக்காது." நாத்தனாரின் முகம் போன போக்கைப் பார்த்து, அவளுக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தாள். "அண்ணி, நீங்க மடிச்ச துணியை ஒவ்வொண்ணா அலமாரிக்குத் தூக்கிட்டு ஓடுவீங்களா? மேஜையில அடுக்கி வெச்சு, அப்பப்போ மொத்தமா கொண்டுபோய் வைப்பீங்க. இதுவும் அப்படித்தான். மேஜைங்கறது மெமரி, அலமாரிங்கறது டிஸ்க். மொத்தமா கொண்டுபோய் வைக்கிறதுக்குப் பேர்தான் செக்பாயிண்ட். இத்தனை நேரத்துக்குள்ள வெச்சு முடிக்கணும்னு ஒரு கெடு உண்டு. முடியலைன்னா டைம் அவுட்னு கத்தும். மேஜை நிறைஞ்சுடுச்சுன்னா மடிக்கிறவங்க கையைக் கட்டிட்டு நிக்க வேண்டியதுதான். அந்த நேரம்தான் உங்களுக்குத் திரை உறைஞ்சு போகுது."

"அப்போ மேஜையிலேர்ந்து துணி கீழ விழாதா?"

"விழாது. மேஜையில வைக்கிறதுக்கு முன்னாடியே இன்னது வந்துச்சுன்னு சுருக்கமா டிஸ்க்ல எழுதிட்டுத்தான் வைக்கும். கரண்ட் போனாலும் அதைப் பாத்துத் திரும்ப அடுக்கிக்கும்."

நாத்தனார் அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினாள். "உன் மெஷினுக்கு வக்காலத்து வாங்க உனக்கு நல்லாத் தெரியுது. அது தொலைக்கலைன்னா பின்ன நான்தான் தொலைச்சேன். அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"சொல்ல என்ன பாக்கி இருக்கு?" என்று எழுந்தவள், காபி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனாள். அன்று இரவு கணவன் பூதக்கண்ணாடியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு பொய் சொன்னால் ஒரு மனுஷிக்கு விடிவு வரும் என்றால் சொல்லித் தொலைப்பதற்கென்ன என்று உங்களுக்கும் தோன்றலாம். அவளுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டு முதலாளி வேறொரு கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டால், அவன் ஒரே நிமிடத்தில் சிரித்துவிடுவான். பிறகு நாத்தனாரின் பழி இரட்டிப்பாகும்.

மறுநாள் காலையில் முதலாளி அறைக்குள் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே, "சார், நீங்க வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்கற மேற்பார்வைக்காரம்மா எனக்கு நாத்தனார்" என்பதுதான்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அவங்க பக்கம்தான் பேசுவீங்க."

"நான் நாத்தனார் பக்கம் பேசினேன்னு எங்க வீட்ல சொல்லிப் பாருங்க, விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மென்று விழுங்கினார். சந்தேகப் பிராணியே தவிர, கல்நெஞ்சக்காரர் இல்லை. "சரி, பாருங்க. ஆனா கம்ப்யூட்டர் பாஷையெல்லாம் எனக்கு வேண்டாம். எதைக் கண்டுபிடிச்சாலும் கண்ணால பாக்கற மாதிரிக் காட்டணும்."

சர்வர் அறை டிரையர்களுக்குப் பின்னால் இருந்தது. முன்பு சோப்புத்தூள் மூட்டை போட்டிருந்த இடம். உள்ளே நுழைந்தாலே தும்மல் வரும், ஐந்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பூதக்கண்ணாடி வேலையை ஆரம்பித்தாள். சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் அந்த வரி வந்துகொண்டே இருந்தது: செக்பாயிண்ட் குறித்த நேரத்தில் முடியவில்லை. துணி லாரியில் ஏறும் வேளைகளில்தான் கொத்துக் கொத்தாக வந்தது.

அவளுக்கு முன்னால் பார்த்த புண்ணியவான் ஒருவன் கெடுவை இரண்டு மடங்காக்கி வைத்திருந்தான். அதனால் கத்தல் பாதியாகக் குறைந்தது, திரை உறைவது பழையபடியே நடந்தது. குழந்தை அழுகிறது என்று பஞ்சை எடுத்து நம் காதில் அடைத்துக்கொள்கிற வேலை! அவள் அதைப் பழையபடி மாற்றினாள். தகவலுக்குக் காப்பு நகல் எடுக்கும் நேரம் இதோடு முட்டுகிறதா என்று பார்த்தாள், முட்டவில்லை. கணக்கறையிலிருந்து யாராவது பெரிய அறிக்கையை ஓட்டவிட்டு டீ குடிக்கப் போகிறார்களா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. வைரஸ் தேடும் நிரல் டேட்டாபேஸ் கோப்புகளை நோண்டுகிறதா என்று பார்த்தாள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் டிஸ்க் மட்டும்தான் மிச்சம் நின்றது. எழுதச் சொன்னால் ஆமை மாதிரி எழுதியது. ஆனால் அந்த டிஸ்க்குகள் புதிது, சோதனையில் ஒரு குறையும் காட்டவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. டிரையர்கள் ஒவ்வொன்றாக நின்று, வேலை முடிந்ததற்கு அடையாளமாகப் பீப் பீப் என்று கத்தி ஓய்ந்தன. ஒன்று மட்டும் ஓயவில்லை.

இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு ரப்பர் குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவதால் அவருக்கு டாக்டர் என்று பெயர். "எந்த டிரையர்னே தெரியலம்மா, மாசக் கணக்கா கத்துது. மூணு மெஷினுக்கு பஸ்ஸரை மாத்திட்டேன். காயாத துணியைக் காஞ்சுடுச்சுன்னு சொல்லி ஏமாத்துதுன்னு இவங்க என்னைத்தான் திட்டறாங்க. இந்தச் சனியன் பிடிச்ச சத்தத்தால எனக்குத் தூக்கமே போச்சு."

"டாக்டர், கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் அவள். பிறகு எழுந்து, சர்வர் பெட்டியின் மேல் காதை வைத்தாள். அங்கிருந்துதான் வந்தது.

டாக்டர் தன் குழாயை வைத்துக் கேட்டார். வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்.

பெட்டிக்குள் டிஸ்க்குகளை ஆளும் சர்க்யூட் அட்டை ஒன்று இருந்தது. எழுத வேண்டியதைத் தன்னிடம் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக டிஸ்க்குக்கு அனுப்புவது அதன் வேலை. கரண்ட் போனால் வாங்கி வைத்தது போய்விடக் கூடாதே என்று அதற்கு ஒரு குட்டி பாட்டரி. பாட்டரி செத்துவிட்டால் அந்த அட்டை தன்னையே நம்பாது, எதையும் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் நேராக டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் அடுத்ததைத் தொடும். அதனால்தான் அந்த ஆமை வேகம். பாட்டரி செத்த அன்றிலிருந்து அது தன்னால் முடிந்தவரை கத்தித்தான் பார்த்தது. சுற்றிலும் பகல் முழுக்கக் கத்துகிற டிரையர்களின் நடுவில் அதன் குரலை யார் பிரித்துக் கேட்பார்கள்? வேறு எந்த இடமாக இருந்தாலும் முதல் நாளே யாராவது எரிச்சல்பட்டு ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

முதலாளியை அழைத்து வந்து காது கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அவர் கேட்டார், தலையாட்டினார், பிறகு அவளே பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "அப்போ ஷீட்டு காணாமப் போனதும் இந்த பாட்டரியாலதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இல்ல சார். திரை நின்னது இதனால. ஷீட்டு எங்கங்கறதுக்கு இது பதில் இல்ல" என்றாள் அவள். பின்னால் நின்ற டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

புதுப் பாட்டரி வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் அவள் காணாமல் போன விரிப்புகளின் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் ஒரு சிப் தைத்திருக்கும். அழுக்காக உள்ளே வரும்போது ஒரு ரீடர் அதைப் படிக்கும், சுத்தமாகி லாரிக்குப் போகும்போது வாசலில் இன்னொரு ரீடர் படிக்கும். வாசல் ரீடர் டேட்டாபேஸின் பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கை எரியவிட்டு, படித்ததைக் கைகழுவிவிடும். திரும்பப் படிக்கச் சொல்வதற்குத்தான் அந்தச் சிவப்பு.

வாசலில் தள்ளுவண்டி தள்ளும் பெண்கள் இருவரிடம் போய்க் கேட்டாள். "சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மேற்பார்வை அக்காவையே கேளுங்க" என்றாள் ஒருத்தி. அடுத்தவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அந்த இடத்தில்தான் பூதக்கண்ணாடிக்குச் சந்தேகம் தட்டியது. இவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, நாத்தனாருக்கும் தெரிந்திருக்கிறது, எல்லாரும் சேர்ந்து மூடி வைக்கிறார்கள். எடுத்திருப்பாளோ? இந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள்.

நாத்தனார் வீட்டில் அடுப்பு மேடை பளபளவென்று இருந்தது. இருந்தும் அவள் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பாட்டரி கதையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணச் சொல்லியிருக்கீங்க அண்ணி?" என்று கேட்டதும் தேய்த்த கை நின்றது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா சொல்லலாமே."

நாத்தனார் திரும்பினாள். "நீயும் சந்தேகப்படறியா?"

வேறு யாராக இருந்தாலும் ஐயோ இல்லை என்று சொல்லியிருப்பார்கள். பூதக்கண்ணாடிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. "பட்டேன் அண்ணி. பஸ்ல வரும்போது கொஞ்ச நேரம் பட்டேன். இங்க வந்து உங்க முகத்தைப் பாத்ததும் போயிடுச்சு."

நாத்தனார் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழுதாள். முதலாளி கத்தியபோதுகூட அழாதவள். வந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையிலிருந்த துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். சமாதானமாக எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

அழுகை அடங்கியதும் நாத்தனாரே சொன்னாள். "முன்னாடியெல்லாம் சிவப்பு எரிஞ்சா வண்டியைத் திரும்ப இழுத்து மறுபடி படிக்க வைப்போம். ஒரு தடவை அவசரத்துல, பதிஞ்ச வண்டியையும் திரும்ப இழுத்து எல்லாமே ரெண்டு ரெண்டாப் பதிஞ்சு ஆஸ்பத்திரிக்காரன் சண்டைக்கு வந்துட்டான். முதலாளி எங்களைக் காய்ச்சி எடுத்தாரு. அப்புறம் நான்தான் சொன்னேன், சிவப்பு எரிஞ்சா அது உள்ளுக்குள்ள யோசிக்குதுன்னு அர்த்தம், தானாப் பச்சை ஆயிடும், நீங்க பாட்டுக்குத் தள்ளுங்கன்னு. கொஞ்ச நேரத்துல பச்சை ஆகவும் செஞ்சுது. நான் அது பதிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்."

"அது பதியலையே அண்ணி. அடுத்த வண்டிக்குத் தயார்னு சொல்றதுக்குத்தான் பச்சை."

"இப்போ தெரியுது."

"இதை அன்னைக்கே முதலாளிகிட்ட சொல்லியிருந்தா..."

"எப்படிச் சொல்றது? திருடின்னு சொன்னா அது பொய்னு எனக்குத் தெரியும், தலையை நிமிர்த்திக்கிட்டு இருக்கலாம். தப்பு பண்ணினேன்னு சொன்னா அது நிஜம் ஆச்சே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இருபது வருஷமா என் மேற்பார்வையில ஒரு தலையணை உறை தப்பினது இல்ல. இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. நான் கும்பிட்டுக் கேக்கறேன்."

பூதக்கண்ணாடியின் மூளை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ அந்த விரிப்பெல்லாம் லாரியில ஏறிடுச்சு."

"என் கண்ணு முன்னாடிதான் ஏறிச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போச்சு. அங்க யாரோ படுத்தாங்க. அழுக்காச்சு."

"ஆமா."

"அப்புறம் அது திரும்ப இங்கதானே வரணும்?"

"வராம வேற எங்க போகும்?" என்ற நாத்தனார், சொன்ன வேகத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே வரும் துணி ஈரமும் மூட்டையுமாகக் கிடப்பதால் ஒரே சிப்பை ரீடர் நாலைந்து தடவை படித்துத் தொலைக்கும். அதனால் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகப் பதிந்த விரிப்பு மறுபடி வந்தால், முன்பே படித்ததுதான் என்று நிரல் அதைச் சட்டை செய்யாது. வெளியே போனது பதியாத விரிப்பு எத்தனை தடவை ஊர் சுற்றிவிட்டு வந்தாலும், நிரலைப் பொறுத்தவரை அது சலவைக்கூடத்தை விட்டு நகரவே இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களோ, வந்த துணிக்குக் குறைவாகப் பில் வந்ததே என்று போன் போட்டுக் கேட்கிற ரகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளியை அழுக்குத்துணி அறைக்கு அழைத்தாள். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். முகமூடி, கையுறை, மேலே ஒரு பிளாஸ்டிக் அங்கி என்று மாட்டிவிட்டதும், கல்யாணத்துக்கு இழுத்துவரப்பட்ட மாப்பிள்ளை மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார். நாத்தனாரையும் வரச் சொல்லியிருந்தாள். அவள் ஓர் ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"காணாமப் போன விரிப்புகளோட சிப் நம்பரை மட்டும் இந்தக் கை ரீடர்ல ஏத்தியிருக்கேன் சார். வேற எதைக் கண்டாலும் இது வாயைத் திறக்காது. இப்போதான் லாரியில வந்த மூட்டை இது. நீங்களே பிடிங்க."

முதலாளி ரீடரை வாங்கி அருவருப்போடு மூட்டைமேல் காட்டினார். சத்தமில்லை. இன்னொரு மூட்டை, அங்கும் இல்லை. பூதக்கண்ணாடியின் யோசனை தப்பாக இருந்தால் நாளைக்குச் சனிக்கிழமை. நாத்தனார் சுவரை விட்டுத் திரும்பவே இல்லை.

மூன்றாவது மூட்டையில் ரீடர் விசிலடித்தது. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார், மறுபடி கொண்டுபோனார், மறுபடி விசில். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அங்கியெல்லாம் கறையாக, மூட்டைகளைத் தானே பிரித்துப் போட்டுக்கொண்டு, விசிலுக்கு விசில் "இந்தா, இந்தா!" என்று எண்ணிக்கொண்டே போனார். நாற்றம் மறந்துபோய்விட்டது அவருக்கு.

அறைக்குத் திரும்பியதும், "திரை நின்னுபோன நேரத்துல வாசல்ல பதியாமலே வண்டி போயிருக்கு சார்" என்று மட்டும் பூதக்கண்ணாடி சொன்னாள். யார் சொல்லிப் போனது என்பதைச் சொல்லவில்லை. அப்படி ஒன்றை முழுங்கி அவளுக்குப் பழக்கமில்லை, நெஞ்சில் நின்றது.

"சரிம்மா, போனது போகட்டும். நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடு" என்றார் முதலாளி நாத்தனாரைப் பார்க்காமல்.

"வர மாட்டேன்" என்றாள் நாத்தனார். "கூடத்துல அத்தனை பேர் முன்னாடி என்னைக் கேட்டீங்க. அதே எடத்துல, அத்தனை பேர் முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க. சொன்னா வர்றேன்."

"கூடத்துல நின்னு இப்போ பேசினா எவனுக்குக் கேக்கும்? மெஷின் ஓடிட்டிருக்கு."

"அன்னைக்கும்தான் ஓடிச்சு."

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை நகர்த்தத் தொடங்கினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாத்தனார் வெளியே போய்விட்டாள். பின்னாலேயே போகாமல் பூதக்கண்ணாடி ஒரு நிமிடம் நின்றாள்.

"சார், பாட்டரி வந்துடுச்சு. நாளைக்கு மாத்தணும்."

"ராத்திரி ஆள் இல்லாத நேரமாப் பாத்து மாத்துங்க. வேலை கெடக் கூடாது."

"முடியாது சார். பகல்ல, ஆளுங்க எல்லாம் இருக்கும்போதுதான் மாத்தணும். டிரையர் லைனையும் சேத்து ஆஃப் பண்ணணும்." சொல்லிவிட்டு அவளே அதிர்ந்துபோனாள். சர்வரை நிறுத்தினால் போதும், டிரையரை நிறுத்த ஓர் அவசியமும் கிடையாது. பாட்டரியைப் பாதிராத்திரியில் மாற்றினாலும் அது மாட்டேன் என்று சொல்லாது.

"டிரையர் எதுக்கு?" என்று முதலாளி வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் அவளைப் பார்த்தார். மாதக் கணக்கில் தானும் பழி சுமந்தவர் அல்லவா? "ஆமா முதலாளி" என்று கண்ணை இமைக்காமல் அடித்துச் சொன்னார். "லைனை ஆஃப் பண்ணாம உள்ள கை வெச்சா உசுருக்கு உத்தரவாதம் இல்ல."

சனிக்கிழமை முற்பகலில் டாக்டர் நெம்புகோலை இறக்கினார். டிரையர்கள் சுழன்று சுழன்று ஓய்ந்தன. அந்தக் கூடத்தில் அப்படியொரு நிசப்தத்தை யாரும் கேட்டதில்லை. மடிக்கிறவர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். நாத்தனார் வேலைக்கு வரும் உடையில் இல்லாமல், வாசலருகே விருந்தாளி மாதிரி நின்றாள். பூதக்கண்ணாடி பாட்டரியை மாற்றி முடித்து எவ்வளவோ நேரமாகியும் சர்வர் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்றாள்.

முதலாளி கூடத்தின் நடுவில் மாட்டிக்கொண்டார். அத்தனை கண்ணும் அவர்மேல் இருந்தது. ஒரு தடவை செருமினார். "அந்த ஷீட்டு விஷயம்... கெடைச்சுடுச்சு" என்றார்.

"கேக்கல முதலாளி!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"கெடைச்சுடுச்சு!" என்று அவரும் கத்தினார். கத்திவிட்டதில் கொஞ்சம் தைரியம் வந்தது போலிருக்கிறது. "இந்தம்மா மேல எந்தத் தப்பும் இல்ல. நான் அவசரப்பட்டுக் கேட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் கேட்டதால எல்லார் முன்னாடியும் சொல்றேன், அவங்க எதையும் எடுக்கல."

நாத்தனார் கண்ணை மூடித் திறந்தாள். அத்தனை நாளாகக் குறுகியிருந்த தோள் நிமிர்ந்தது. அதைப் பார்த்துப் பூதக்கண்ணாடிக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி அதோடு விட்டிருந்தால் தேவலை. விட்ட மானத்தைக் கொஞ்சமாவது திருப்பிப் பிடிக்க வேண்டுமே அவருக்கு! வாசல் பக்கம் கையை நீட்டினார். "தப்பெல்லாம் அதோ அங்க. சிவப்பு எரியறது கண்ணுக்குத் தெரியலையா? வண்டியைப் பதியாமத் தள்ளிவிட்டு என் தலையில மண்ணை வாரிப் போட்டிருக்காங்க. அந்த ரெண்டு பேரும் இன்னையோட கணக்கைத் தீத்துக்கிட்டுக் கிளம்பலாம்."

வண்டிக்காரப் பெண்கள் இருவரும் வெளிறிப்போனார்கள். ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் இருந்த பக்கம் கூடப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி ஓர் அடி முன்னால் வைத்தாள், நின்றாள். நாத்தனார் கும்பிட்டுக் கேட்டிருந்தாளே.

"அவங்க இல்ல" என்றது ஒரு குரல்.

நாத்தனார் கூடத்தின் நடுவுக்கு வந்துவிட்டிருந்தாள். "சிவப்பு எரிஞ்சா தள்ளிட்டுப் போங்கன்னு சொன்னது நான். அவங்க கேட்டாங்க, அக்கா பதிஞ்சிருக்குமான்னு. பதிஞ்சிருக்கும், எனக்குத் தெரியும்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொன்னேன். தப்பு என்னோடது முதலாளி."

அந்த நிசப்தத்தில் கூடத்தின் கடைசி மூலையில் நின்றவர்களுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இனிமே சிவப்பு எரிஞ்சா வண்டியை நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு" என்றார் கடைசியில். வண்டிக்காரப் பெண்களைப் பார்த்து, "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று கையை ஆட்டினார்.

நாத்தனார் சர்வர் அறைப் பக்கம் வந்தாள். பூதக்கண்ணாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்தான் மாத்துவே அந்த பாட்டரியை?" என்றாள் நாத்தனார். "லைனைப் போடச் சொல்லு. துணி ஈரத்தோட கெடக்குது."